நாள் வாடகை

மழை விட்டபாடில்லை, மூன்றாம் மாடி அக்காவின் படுக்கை விரிப்புகள் காய்ந்தபாடில்லை. சமையலறைக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் இரண்டு, நாற்காலி முதுகில் ஒன்று, குளியலறைக் கதவுமேல் ஒன்று என்று வீடு முழுக்க ஈரத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரிப்பை மேசைமேல் போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தி ஓட்டினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். புழுங்கல் வாடை போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே அதை மறுபடியும் சோப்புத் தண்ணீரில் அமுக்கினாள்.

"யாரு துணி இதெல்லாம்?" என்று கூடத்துக் கட்டிலில் இருந்து அவள் புருஷன் கேட்டார்.

"நம்ம துணிதாங்க."

"நம்ம வீட்ல இவ்வளவு பேரு எங்க இருக்காங்க?"

அவள் சிரித்துவிட்டாள்.

அவருக்கு அந்தக் குடியிருப்பில் மோட்டார்காரர் என்றுதான் பெயர். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய செப்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தரும் கடை வைத்திருந்தவர். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தொடங்கியபோது முதலில் பங்கு வாங்கிய ஆட்களில் அவரும் ஒருவர். தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தால் சங்கம் வெளியே ஆள் தேடியதே கிடையாது. சாப்பிடுகிற கையை உதறிக்கொண்டு இறங்கிப் போவார். இப்போது அவருக்குக் குழாயை எந்தப் பக்கம் திருகினால் தண்ணீர் நிற்கும் என்பது சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. கையில் எது கிடைத்தாலும், நூலோ சணலோ சார்ஜர் ஒயரோ, விரலில் வரிசை பிசகாமல் சுற்றிக்கொண்டிருப்பார். டாக்டர் அந்த நோய்க்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். அக்கா அதை மறதி என்று சுருக்கிக்கொண்டாள்.

அவள் சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் வைக்கும் வேலையில் இருந்தாள். ஒருநாள் அவர் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுத் தன் பழைய கடைக்குப் போய்விட்டார். அது செல்போன் கடையாகி வெகுகாலம் ஆகியிருந்தது. உள்ளே புகுந்து உட்கார்ந்து, ஓடுகிற மின்விசிறியை நிறுத்திக் கழற்ற ஆரம்பித்துவிட்டாராம். கடைக்காரப் பையன்கள் யாரோ திருடன் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அன்றோடு அவள் வேலையை விட்டாள்.

வீட்டைவிட்டு நகராமல் பிழைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. நோயாளிக்குக் கட்டில் கொடுப்பார்கள், கூட வந்தவர்களுக்கு நாற்காலிகூடக் கிடையாது. இருந்த ஒரே படுக்கையறையை அக்கா நாள் வாடகைக்கு விட்டாள். அவருக்குக் கூடத்தில் கட்டில், அவளுக்குச் சமையலறைத் தரை. நர்ஸுகள் வாய்வார்த்தையாக ஆள் அனுப்பினார்கள். சுத்தமான விரிப்பு, வெந்நீர், வேண்டுமென்றால் சோறும் அவித்த முட்டையும். வருகிறவர்கள் எல்லாம் பாதித் தூக்கத்தில் நடக்கிற ஜனங்கள். சத்தம் கித்தம் எதுவும் கிடையாது.

ஆனால் மோட்டார்காரருக்குப் பயம். காலையில் கண் விழித்தால், தன் படுக்கையறையிலிருந்து ஒரு புது ஆள் பல் துலக்கிக்கொண்டு வருவான். அவர் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொள்வார்.

"யாரு இவங்க?"

"விருந்தாளிங்க."

"எப்ப போவாங்க?"

"நாளைக்கு."

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்ன."

எதெதையோ மறக்கிற மனுஷன் இதை மட்டும் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறார் என்று அவளுக்கு எரிச்சலாக வரும். மறுகணமே எரிச்சல் பட்டதற்காக மனசு சுடும்.

அந்த மழையில்தான் அந்தப் பெண் வந்தாள். சின்ன வயசு. தோளில் ஒரு பை, கையில் ஒரு குளிர்ப்பெட்டி. பிள்ளை பெற்ற வயிறு இன்னும் வற்றவில்லை.

"குறை மாசத்துல பொறந்துடுச்சுக்கா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. என்னைய வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. எங்க வீடு ரொம்ப தூரம்."

"வீட்டுக்காரர்?"

"கப்பல்ல சமையல்காரர். அடுத்த துறைமுகத்துல இறங்க முடியுமான்னு கேட்டிருக்காரு." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உங்க ஃப்ரிட்ஜுல கொஞ்சம் இடம் கிடைக்குமாக்கா? பாலை எடுத்து வெச்சு வெச்சுக் கொண்டுபோய்க் குடுக்கணும். குழாய் வழியா ஊட்டுறாங்க."

அக்கா மேல்தட்டில் இருந்த ரொட்டியையும் வெங்காயத்தையும் எடுத்துக் கீழே வைத்தாள். தட்டை வெந்நீர் விட்டுத் துடைத்தாள். "இந்தத் தட்டு பூரா உனக்கு. வேற யாரும் கை வெக்க மாட்டோம்."

அதற்கப்புறம் வேறு ஆள் யாரையும் அவள் சேர்க்கவில்லை. அந்தப் பெண் பால் எடுப்பதும், குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் ரோட்டைக் கடப்பதும், வெறும் பெட்டியோடு திரும்பி வருவதுமாக இருந்தாள். ஒருநாள் பால் சரியாகச் சுரக்கவில்லை என்று அறைக்குள் உட்கார்ந்து அழுதாள். அக்கா தட்டில் சோறும் பருப்பும் போட்டுக் கொண்டுபோனாள். "அழுற நேரத்துல ரெண்டு வாய் தின்னு. அழுதா கண்ணுல தண்ணி வரும், மாருல பால் வராது" என்றாள். அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே தின்றாள்.

சனியன் மேல்மாடியில் இருந்து வந்தது. அங்கே ஓர் ஆள் வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிப்போட்டு, தான் வெளிநாட்டில் இருந்துகொண்டு, செல்போன் வழியாகவே நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். வருகிறவர்கள் பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வருவார்கள், பாட்டுப் போட்டுக் குதிப்பார்கள், லிஃப்டில் வாந்தி எடுப்பார்கள். போன வாரம் எவனோ போதையில் மாடி தவறி வந்து, இரண்டாம் மாடியில் தனியாக இருந்த டீச்சரம்மா வீட்டுக் கதவை உடைக்காத குறையாக இடித்திருக்கிறான். டீச்சரம்மா மறுநாள் ரத்த அழுத்தம் ஏறிப் படுத்துவிட்டாள். சங்கத்தில் பொதுக்குழு கூட்டினார்கள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அக்கா புருஷனுக்குச் சலவைச் சட்டை போட்டுவிட்டு, கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தாள். படி இறங்கும்போதே பாடம் நடத்தினாள்.

"என்னங்க, 'ஆதரிக்கிறவங்க'ன்னு கேட்டா சும்மா இருங்க. 'எதிர்க்கிறவங்க'ன்னு கேட்டாத்தான் கையத் தூக்கணும். என்ன சொன்னேன்?"

"எதிர்க்கிறவங்கன்னா தூக்கணும்."

"அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாம்."

செயலாளர் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்றவர். அதட்டி ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன். தீர்மானத்தை வாசித்தார். மூன்று மாதத்துக்குக் குறைவாக எந்த வீட்டையும், வீட்டின் எந்தப் பகுதியையும் வாடகைக்கு விடக் கூடாது. நாள் வாடகைக்கு வருகிற வெளியாட்களுக்கு வாசலில் அனுமதி இல்லை. மீறினால் தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்படும். நெருங்கிய உறவினர் வந்து தங்கலாம். ஆனால் உறவு இன்னதென்று உறுப்பினரே நேரில் உறுதி சொல்ல வேண்டும்.

அக்கா எழுந்தாள். "நான் ஒரு வார்த்தை பேசணும்."

"அக்கா..." செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உறுப்பினர் அண்ணன்தான். உறுப்பினருங்க மட்டும்தான் பேசலாம். தப்பா நினைக்காதீங்க."

"அவரால எப்படிப் பேச முடியும்? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்கா. ஆனா உங்கள விட்டா எல்லா வீட்லயும் ஆளுக்காள் எழுந்திரிப்பாங்க."

"எழுந்திரிக்கட்டுமே. வாய் இருக்குல்ல எல்லாருக்கும்? மேல்மாடிக்காரன் வீட்ல கூத்தடிக்கிறான்னா அவனைக் கேளுங்க. என் வீட்டுக்கு வர்றவங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க. ஒரு நாளாவது சத்தம் கேட்டிருக்கா? இப்ப இருக்கிற பொண்ணு..."

"அந்தப் பொண்ண யாரும் குத்தம் சொல்லல" என்று முன்வரிசையில் இருந்து டீச்சரம்மா திரும்பினாள். "ஆனா நல்லவங்க யாரு, கெட்டவங்க யாருன்னு நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? யாரோ தெரியாதவங்க நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வர்றாங்க. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல. கதவைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்."

அக்கா உட்கார்ந்தாள்.

"தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க?"

கைகள் எழுந்தன. அவள் பக்கத்திலேயே ஒரு கை எழுந்தது. சலவைச் சட்டை போட்ட கை.

"என்னங்க, இது இல்ல. கீழ போடுங்க." அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் உதறிவிட்டு மறுபடியும் தூக்கினார். "விடு."

"அடுத்ததுக்குத்தாங்க நாம தூக்கணும். சொன்னேன்ல?"

"விடுன்னா! அந்தம்மா சொல்றது சரிதான். தெரியாதவங்க வர்றாங்க. என் ரூமுல இருந்து வர்றாங்க. எனக்குப் பயமா இருக்கு. நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?"

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். மோட்டார்காரர் கை இல்லாவிட்டாலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும்; பாதிக்கு மேல் கைகள் ஏற்கெனவே மேலே இருந்தன. அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் தெரியாமல் தூக்கவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. இத்தனை நாளும் அந்த மனுஷன் தினம் தினம் தன்னிடம்தான் மனுக் கொடுத்திருக்கிறார். தான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதை நினைத்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து மாடி ஏற்றினாள். அவர் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி, "கூட்டம் நல்லா நடந்துச்சு" என்றார்.

மேல்மாடிக்காரனுக்கு ஒரு மயிரும் ஆகவில்லை. அவனுக்கு வக்கீல் இருந்தான். வீடுகளை எல்லாம் ஏதோ கம்பெனி பேருக்கு நீண்ட நாள் வாடகை என்று மாற்றி எழுதிவிட்டான். கம்பெனியின் ஊழியர்கள் என்று பேர் பண்ணிக்கொண்டு அதே பெட்டிகள் அதே மாதிரி தரதரவென்று உருண்டு வந்தன. வாசல் காவலாளி சலாம் வைத்து உள்ளே விட்டான். மூன்றாம் மாடியில் தங்கியிருந்த பெண்ணைத்தான் மழையில் குளிர்ப்பெட்டியோடு நிறுத்திவைத்தான்.

அக்கா இறங்கி ஓடினாள். "ஏம்பா, உள்ள விடு. பால் கெட்டுப்போகும்."

"எனக்கு மேல இருந்து சொன்னதைத்தாம்மா செய்யிறேன். சொந்தக்காரங்கன்னா செயலாளர் வந்து பாத்துட்டுச் சொல்லட்டும்."

"சொந்தக்காரிதான். என் தங்கச்சி மக. போய்ச் சொல்லு உன் செயலாளர்கிட்ட." அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்குத் தங்கச்சியே கிடையாது.

மாடி ஏறும்போது சொன்னாள். "இனிமே அக்கான்னு கூப்பிடாத. பெரியம்மான்னு கூப்பிடு."

"சரிக்கா."

"பாத்தியா!"

"சரி பெரியம்மா."

பிறகு இரண்டு பேருமாக மோட்டார்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் அவருக்கு டீ ஆற்றிக் கொடுத்தாள். அவர் விரலில் சுற்றியிருந்த சணலைப் பார்த்து, "எவ்வளவு வரிசையா சுத்தியிருக்கீங்க பெரியப்பா" என்றாள். அவருக்கு அது பிடித்துவிட்டது. ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறினால் சூடாகிக் கருகிவிடும் என்று விளக்கினார். நாள் முழுக்க அக்கா அவருக்கு உறவுமுறையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொடுத்தாள்.

"இவ யாரு? என் தங்கச்சி மக. உங்களுக்கு மக முறை. சொல்லுங்க."

"தங்கச்சி மக."

"யாரு வந்து கேட்டாலும்?"

"தங்கச்சி மக. எத்தனை தடவ கேப்ப?"

மறுநாள் சாயங்காலம் செயலாளர் வந்தார். குடையை வெளியே சாய்த்துவைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் அறை வாசலில் நின்றாள். அக்காவின் கையில் இஸ்திரிப் பெட்டி. தலையணை உறை பாதி மடிந்து மேசைமேல் கிடந்தது.

"அண்ணே, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். மோட்டார் ஓடுதா?"

"ஓடுதுண்ணே. ஒரு விஷயம் கேக்கணும். மேல்மாடிக்காரன் உங்க வீட்டைக் காட்டித்தான் தப்பிக்கப் பாக்குறான். அவங்களுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமான்னு கேக்குறான். அதனால முறைப்படி கேட்டுட்டுப் போயிடுறேன்." அறை வாசலைக் காட்டினார். "இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

மோட்டார்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு சிரிக்க முயன்றாள்.

"தெரியலையேப்பா" என்றார் அவர்.

"என்னங்க! நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று அக்கா முன்னால் வந்தாள். "காலையிலகூடச் சொன்னீங்களே..."

அவர் அவள் பக்கம் திரும்பினார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு செயலாளரின் முழங்கையைத் தொட்டு, ரகசியம் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுகூடப் பரவாயில்ல. ஒரு ஓரமா இருக்கு. இந்தம்மா யாரு? ரொம்ப நாளா இங்கேயே இருக்காங்க. அதட்டுறாங்க. அதைச் சொல்லு, இதைச் சொல்லுங்கிறாங்க. இவங்களையும் போகச் சொல்லுப்பா. நீதான செயலாளர்?"

முதலில் அவர் விளையாடுகிறார் என்றுதான் அக்கா நினைத்தாள். காலமெல்லாம் அப்படி முகத்தை வைத்துக்கொண்டு கேலி பேசுகிற ஆள்தான் அவர். பிறகு கண்ணைப் பார்த்தாள். பல் துலக்கிக்கொண்டு வருகிற புது ஆட்களைப் பார்க்கிற அதே பார்வை. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டத் தொடங்கியிருந்தார்.

அவள் மேசைக்குத் திரும்பிப் போனாள். தலையணை உறையை விரித்துத் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்தாள். கருகல் வாடை வந்த பிறகுதான் அந்தப் பெண் ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தாள்.

செயலாளர் எழுந்துவிட்டார். குடையை எடுக்க மறந்து இரண்டு படி இறங்கி, மறுபடியும் ஏறி வந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்துப் பேசினார்.

"குழந்தை கைக்கு வர்ற வரைக்கும் இருக்கட்டும்கா. அதுவரைக்கும் எனக்கு முட்டி வலி. மாடி ஏற முடியல. அவ்வளவுதான் என்னால முடியும். அதுக்கப்புறம்..."

"புரியுது" என்றாள் அக்கா. "இனிமே யாரையும் சேக்க மாட்டேன். அவரு பயப்படுறாரு."

குழந்தை கைக்கு வந்தது. மழை ஓய்ந்த ஒரு காலை, கப்பல்காரனும் அந்தப் பெண்ணுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுருட்டிய துண்டுக்குள் ஒரு முகம் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. "போயிட்டு வர்றோம் பெரியம்மா" என்று அந்தப் பெண் அழுதாள். பொய்க்காகப் பழகிய முறை அவள் வாயில் அப்படியே தங்கிவிட்டது. மோட்டார்காரர் குழந்தையின் விரலைத் தொட்டுப் பார்த்து, "எவ்வளவு மெல்லிசுக் கம்பி" என்றார்.

அறை காலியானது. அக்கா கட்டிலைக் கழுவித் துடைத்து அவரை அங்கேயே படுக்கவைத்தாள். அவர் அன்றைக்குப் பகல் முழுக்க அடித்துப்போட்டாற்போல் தூங்கினார். வாடகைக் காசு நின்றுபோயிருந்தது. மாத்திரை தீர்ந்துகொண்டிருந்தது. தெரிந்த நர்ஸ் ஒருத்தியிடம் சொல்லிவைத்ததில், ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை கிடைத்தது. காலையில் போனால் சாயங்காலம்தான் வர முடியும்.

அவரை வைத்துப் பூட்டிவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. காஸ் சிலிண்டரை மூடினாள். கத்தி, தீப்பெட்டி எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சோற்றைப் பிசைந்து மூடிவைத்தாள். ஒரு நாயைக் கட்டிப்போடுவதற்குக்கூட மனசு வராதே என்று நினைத்துக்கொண்டே வாசல் பூட்டைத் திருகினாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றாள்.

செயலாளர் கீழே இருந்து ஏறி வந்தார். "காவலாளி சொன்னான்கா, வேலைக்குப் போறீங்கன்னு. சாவிய என்கிட்ட குடுங்க. பகல்ல நான் சும்மாதான இருக்கேன்? அண்ணன்கூட உக்காந்திருக்கேன். என்னைப் பாத்தா அவரு பயப்பட மாட்டாரு."

முகத்தில் விட்டெறியலாம் போல இருந்தது அவளுக்கு. எந்தக் கை தீர்மானத்தை வாசித்ததோ அந்தக் கைதான் நீண்டிருந்தது. ஆனால் உள்ளே மோட்டார்காரர் கதவைத் தட்ட ஆரம்பித்திருந்தார். "யாரு வெளியில? கதவு தொறக்கல!" அவள் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

சலவைக் கூடத்தில் பேச நேரமில்லை. இயந்திரம் சுடச்சுட விரிப்புகளைத் துப்பிக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் முகம் தெரியாத இன்னொருத்தி; மூலையோடு மூலை சேர்த்து மடித்து அடுக்கினார்கள். ஒவ்வொரு விரிப்பை மடிக்கும்போதும் இந்நேரம் குழாயைத் திறந்துவிட்டிருப்பாரோ, இந்நேரம் அழுதிருப்பாரோ என்று மனசு வீட்டுக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. வேலை விட்டதும் ரோட்டைப் பார்க்காமல் கடந்தாள். வண்டிக்காரன் ஒருவன் திட்டினான்.

கதவு திறந்தே இருந்தது. செயலாளரும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷனுக்குத் தலை வாரிவிட்டிருந்தது. அவளைப் பார்த்ததும் மோட்டார்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாரோ வந்திருக்காங்க பாரு."

"அண்ணே, அது..." என்று செயலாளர் ஆரம்பித்தார். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"யாரைப் பாக்கணும்?" என்று மோட்டார்காரர் அவளைக் கேட்டார். குரலில் பயம் இருந்தது, மரியாதையும் இருந்தது.

"உங்க வீட்டுக்காரம்மாவ."

"அவ வேலைக்குப் போயிருக்கா." சொல்லும்போதே அவர் முகம் தெளிந்தது. "காலர் வெக்கிற வேலை. கம்பெனியில அவளை மாதிரி யாருக்கும் வராது. இப்ப வந்துடுவா, பொழுது சாயுதுல்ல. உக்காருங்க. யாராவது வந்தா அவளுக்குப் பிடிக்கும். எனக்குத்தான் கொஞ்சம் பயம்."

அக்கா செருப்பை வாசலில் கழற்றினாள். நாற்காலியின் நுனியில், விருந்தாளி மாதிரி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.